சோள வேரில் ஒரு நீலக் கோடு

பொற்கொடி ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று அவளுக்கு முதலில் பிடித்துப்போனது பேராசிரியர் பாலுசாமியின் மரியாதைதான். பீளமேட்டில் அந்தக் கல்லூரியின் தாவரவியல் துறையில் அவர் யாரையும் ஒருமையில் பேசி ஒருவரும் கேட்டதில்லை. குடுவை கழுவுகிற பெண்ணுக்கும் 'ங்க', கேண்டீனிலிருந்து டீ கொண்டுவருகிறவருக்கும் 'ங்க'.

"வாங்க அம்மணி. அந்தியூர்ப் பக்கமுங்களா நீங்க? எந்த ஊருங்க?"

அவள் ஊரைச் சொன்னாள்.

"ஊருக்குள்ளயேங்களா, இல்ல ரோட்டுக்கு அந்தப் பக்கமுங்களா?"

"அந்தப் பக்கமுங்க சார்."

"நல்லதுங்க. உக்காருங்க" என்றார். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொற்கொடியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பல விதங்களில் கேட்டுப் பழகியவள் அவள். இவ்வளவு இனிமையாக யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா ராசப்பன் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர். அவள் கல்லூரியில் கால்வைத்த வருடம் செத்துப்போனார். அம்மா மயிலாத்தாள் காட்டு வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, ஊருக்கு வரும் பனியன் கம்பெனி வேனில் ஏறிப்போய் நாள் முழுக்க நின்றபடி துணியில் பிசிறு வெட்டினாள். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "வேரைப் பத்திப் படிக்கிறாளுங்க" என்பாள். அது உண்மைதான்.

வேரின் நுனியில் இருக்கும் செல்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும். நுனியிலிருந்து கொஞ்சம் மேலே வந்தால் பிரிவதை நிறுத்திவிட்டு நீள ஆரம்பிக்கும். இன்னும் மேலே போனால் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு செல் மயிர்போல நீட்டிக்கொண்டு மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். இன்னொன்று குழாயாகி அதை மேலே ஏற்றும். அத்தனை செல்லின் உட்கருவிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. அந்த டிஎன்ஏ நூல்கண்டு மாதிரிச் சில புரதங்களைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. நுனிச் செல் வேர்மயிராக மாறும்போது அந்தப் புரதங்களில் எது மாறுகிறது? பொற்கொடிக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இது.

அவள் சோளத்தை எடுத்துக்கொண்டாள். ஈரத் தாளில் விதையை முளைக்கவைத்து, வெள்ளை வெளேரென்று இறங்கும் வேரைப் பிளேடால் மூன்று துண்டாக வெட்டுவாள். பிரிகிற நுனி ஒரு குழாயில், நீள்கிற பகுதி இன்னொன்றில், மயிர் முளைத்த முற்றிய பகுதி மூன்றாவதில். ஒரு சோதனைக்குத் தட்டுத் தட்டாக வேர் வெட்ட வேண்டும். பிறகு உட்கருக்களைப் பிரித்து, அவற்றின் புரதத்தை ஜெல்லில் ஓடவிட்டுச் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு புரதமும் ஒரு நீலக் கோடாகத் தெரியும்.

அவளோடு அதே வருடம் சேர்ந்தவள் லோகப்பிரியா. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் நார் மில்லும் உள்ள குடும்பம். நல்ல பெண்தான். பொற்கொடியை ஸ்கூட்டரில் விடுதிவரை கொண்டுவந்து விடுவாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் வாய் பொற்கொடிக்குத்தான். "வாடி, போடி" என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். லோகப்பிரியாவுக்கு வேர் வெட்ட வராது, நசுக்கிவிடுவாள். அவளுடைய தட்டுகளையும் பொற்கொடியே வெட்டிக் கொடுத்தாள்.

இரண்டாம் வருடத்தில் பொற்கொடி அந்தக் கோட்டைப் பார்த்தாள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் ஒன்று, மூன்று பகுதிகளிலும் தடித்த கோடாக வந்தது. மயிர் முளைத்த பகுதியில் மட்டும் அதற்குக் கீழே இன்னொரு சின்னக் கோடு. அதே புரதத்தின் வாலை யாரோ நறுக்கிவிட்ட மாதிரி. நுனியில் அது இல்லவே இல்லை.

பாலுசாமி ஜெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அழுகினதுங்க அம்மணி. அரைக்கறப்பப் புரதம் சிதைஞ்சிருக்கும். முத்தின செல்லுல அதைச் சிதைக்கிற சரக்கு நெறைய இருக்குமுங்க."

அது நியாயமான சந்தேகம். பொற்கொடிக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆகவே அரைக்காமலே செய்தாள். வெட்டிய கணத்திலேயே துண்டைக் கொதிக்கும் கரைசலில் போட்டாள். எதுவும் சிதைவதற்கு நேரமே இல்லை. அப்போதும் மயிர் முளைத்த பகுதியில் சின்னக் கோடு வந்தது. வேறு ஒரு சோள ரகத்தில் செய்தாள். வந்தது. உயிரோடு இருக்கும்போதே, தன் வேலையை எடுத்துக்கொள்ளும் செல், அந்தப் புரதத்தின் வாலைத் தானே வெட்டிக்கொள்கிறது. அந்தக் கோட்டை நறுக்கியெடுத்து, என்னவென்று உறுதிப்படுத்தப் பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. அவள் சொன்ன புரதமேதான், வால் இல்லாமல். கூடவே கொஞ்சம் கெரட்டினும் வந்திருந்தது. கெரட்டின் என்பது மனிதத் தோலிலும் முடியிலும் நகத்திலும் இருக்கிற புரதம். காற்றில் பறக்கும் தூசியிலேயே அது உண்டு; இந்த வேலை செய்கிற எல்லா இடத்திலும் அது வரும், ஒதுக்கிவிட்டு மற்றதைப் பார்ப்பார்கள். பாலுசாமிக்கும் இது தெரியும்.

வாராந்திரக் கூட்டத்தில் அவர் அந்த முடிவைத் திரையில் போட்டார். புரதத்தின் பெயர் இருந்த வரியைத் தாண்டிப்போய் கெரட்டின் என்ற வரியில் லேசர் புள்ளியை நிறுத்தினார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. சோள வேர்ல மனுசத் தோலு வந்திருக்குதுங்க."

சிரிப்பு எழுந்தது. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. சுத்தங்கிறது ஊட்டுல இருந்து வர்ற பழக்கமுங்க. பழகாதவங்க க்ளவுஸ் மேல க்ளவுஸ் போட்டாலும் வராதுங்க. உங்க மேல குத்தமில்லீங்க."

பொற்கொடி லோகப்பிரியாவைப் பார்த்தாள். லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பார்வை பட்டதும் குனிந்து கைப்பேசியை நோண்டினாள்.

மறுநாள் காலையில் பொற்கொடியின் மேசைமேல் ஒரு குளியல் சோப்பு இருந்தது. உறைகூடப் பிரிக்காதது. வைத்தவன் சுரேந்தர், அங்கே இருந்தவர்களில் மூத்த மாணவன். "சும்மா தமாசுக்குங்க" என்றான். அவள் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அடுத்த நாள் வேறொன்று இருந்தது. அது சந்தன சோப்பு.

கொஞ்ச நாளைக்கு அவள் கண்ணாடிச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் பாலுசாமி. "கை பழகட்டுமுங்க." குளிர் அறைச் சாவி அவளிடமிருந்து வாங்கப்பட்டது. சோள வேர் லோகப்பிரியாவுக்குப் போனது.

"நான் கேக்கலீங்க பொற்கொடி. சாராத்தான் குடுத்துட்டாருங்க" என்றாள் லோகப்பிரியா.

அவள் வாயிலிருந்து 'ங்க' வந்தது அதுதான் முதல்முறை. அதன் பிறகு அது மாறவே இல்லை. ஸ்கூட்டரில் கூட்டிப்போவது நின்றது. டிபன் பாக்ஸ் வேறு அறையில் திறக்கப்பட்டது.

பொற்கொடி பல மாதங்கள் குடுவை கழுவினாள். ஏற்கெனவே கழுவிக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் போகும்போது பொற்கொடியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் போனாள்.

மகள் இளைத்துப்போவதைப் பார்த்த மயிலாத்தாள் ஒரு நாள் வேலைக்கு மட்டம்போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். கையில் ஒரு பை நிலக்கடலை. துறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவளைப் பாலுசாமியே பார்த்து உள்ளே அழைத்தார்.

"வாங்கம்மா. செருப்பெல்லாம் எதுக்குங்க கழட்டறீங்க? உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

மயிலாத்தாள் உட்காரவில்லை. வாழ்நாள் முழுக்க அவருடைய ஆட்களின் காடுகளில் களை எடுத்தவள் அவள். அவளுடைய பெயரைக்கூட முழுதாக யாரும் கூப்பிட்டதில்லை. 'ஏய் மயிலி' என்பதோடு சரி. அவளைவிட வயதில் சிறிய பிள்ளைகளும் அப்படித்தான். இங்கே குளிரூட்டிய அறையில், பேராசிரியர், எழுந்து நின்று 'வாங்கம்மா' என்கிறார்.

"நாற்காலி இருக்குதுங்கம்மா, உக்காருங்க."

உட்கார்ந்தாள். காகிதக் கப்பில் காபி வந்தது. அவருக்குப் பீங்கான் கோப்பையில் வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க. உங்ககிட்ட மறைச்சு என்னங்க ஆகப்போவுது? ஆராய்ச்சி அதுக்கு வராதுங்க. நானும் எவ்வளவோ சொல்லிக்குடுத்தேன். காலத்தோட ஒரு கல்யாணம் பண்ணி வெச்சுருங்க. புள்ளைக்கு மனசு கெட்டுப்போயிரக் கூடாது பாருங்க."

மயிலாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கடலைப் பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். வெளியே குழாயடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்த மகளிடம், "தங்கமான மனுசனா இருக்காரு கண்ணு. உன்மேல அவருக்கு எத்தன அக்கறை!" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"உனக்கு அது வராதாமா. வராததைப் புடிச்சுத் தொங்கி என்ன பண்ணறது? ஊட்டுக்கு வந்துரு சாமி."

பொற்கொடி குழாயை மூடினாள். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று அவள் கத்திய கத்தலில் மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "வேன்ல போயி நூல் வெட்டறவளுக்கு என்ன தெரியும்? போ, இங்க வராத. என்னையக் கேவலப்படுத்தாத."

மயிலாத்தாள் போய்விட்டாள். அன்று மாலையே பொற்கொடி பாலுசாமிமேல் கல்லூரியில் புகார் கொடுத்தாள்.

விசாரணைக் குழுவில் எல்லோரும் அவளை மரியாதையாகவே நடத்தினார்கள். சோப்பைப் பற்றிக் கேட்டபோது சுரேந்தர், "கை கழுவத்தானுங்க வெச்சேன். எல்லா மேசைக்கும் ஒண்ணு வெக்கலாம்னு இருந்தேன்" என்றான். சுத்தம் வீட்டுப் பழக்கம் என்று பாலுசாமி சொன்னாரா என்று கேட்டபோது லோகப்பிரியா, "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றாள். பாலுசாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இவங்களை நான் ஒரு தடவையாச்சும் வா, போன்னு பேசியிருந்தா, என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறனுங்க. அவங்க அம்மாவையே கேட்டுப் பாருங்க."

குழுத் தலைவர் மயிலாத்தாளுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல். உங்கள் மகள் சார்மேல் புகார் கொடுத்திருக்கிறாள், அவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டார்.

மயிலாத்தாள் இரைச்சலுக்கு மேலே கத்தினாள். "ஐயோ, புகாருங்களா? சாமி, அவரு தெய்வமுங்க. என்னைய நாற்காலி போட்டு உக்கார வெச்சாருங்க. எம்பொண்ணு கோவக்காரிங்க, அவளுக்கு வாய் அப்படித்தானுங்க. என்னையவே அன்னிக்குக் கேவலமாப் பேசிப்போட்டாளுங்க. புள்ளய மன்னிச்சு உட்ரச் சொல்லுங்க சாமி."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பொற்கொடியைப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். புகார் தள்ளுபடியானது.

வார இறுதியில் ஊருக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அம்மாவிடம் கேட்டாள். மயிலாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "பெரிய மனுசங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னா, எரக்கப்பட்டு உன்னைய உட்ருவாங்கன்னு நெனச்சனே கண்ணு." அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது எல்லாம் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றித்தான்.

வேறு பேராசிரியர் யாரும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. புகார் கொடுத்தவள் என்பது அவளுக்கு முன்பாகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் அன்னூர் ரோட்டில் திசு வளர்ப்பு வாழைக்கன்று உற்பத்தி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பாட்டில்களுக்குள் குட்டிக் கன்றுகளுக்கு வேர்பிடிக்கவைக்கும் அறைக்கு அவள் பொறுப்பு. திறமையானவள், சீக்கிரமே மேற்பார்வையாளர் ஆனாள். அவளுக்குக் கீழே வேலை செய்த பெண்கள் அவளுக்கு நடுங்கினார்கள். ஜன்னத் என்ற பெண் முகமூடி இல்லாமல் இருமியதற்காக, அங்கிருந்த பாட்டில் வரிசை முழுவதையும் அவளையே கையால் குப்பையில் கொட்டவைத்து, அன்றோடு வேலையிலிருந்தும் அனுப்பினாள். ஜன்னத் அழுதபோது, "வெளிய போயி அழுங்க. இங்க ஈரம் ஆகாது" என்றாள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு மத்தியானம் லோகப்பிரியா காரில் வந்து இறங்கினாள். நிறைமாதம். கையில் ஒரு கூடை மாம்பழம். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. யஷ்வந்த் என்ற மாப்பிள்ளைக்கு ஈரோட்டில் துணி ஏற்றுமதி. பட்டம் எப்படியும் வந்துவிடும் என்று கல்யாணப் பத்திரிகையிலேயே 'டாக்டர் லோகப்பிரியா' என்று அச்சடித்துவிட்டார்கள். பட்டம் வரவில்லை.

"மாமியார் விருந்தாளி வந்தாப் போதும், கூப்பிட்டு நிக்கவெச்சு, 'எங்கூட்டு டாக்டரம்மா. ஊசி மட்டும் போடத் தெரியாது'ன்னு சிரிக்கறாங்க. வெளியூர்ப் பரிசோதகருங்க திரும்பச் செஞ்சு காட்டச் சொல்லிட்டாங்க. எனக்கு வரமாட்டேங்குதுங்க பொற்கொடி. சின்னக் கோடு நீள்ற பகுதியிலயும் வருது. சில சமயம் நுனியிலகூட வருது. அப்ப அழுகினதுதான்னு சொல்றாங்க."

"எங்க வளக்கறீங்க?"

"சார் புதுசா வாங்கின குளிர் பெட்டியிலங்க."

"எப்படி வெட்டறீங்க?"

"நீங்க வெட்டின அதே அளவுலதானுங்க. ஸ்கேல் வெச்சு."

பொற்கொடிக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் விதையைத் துறை வராந்தாவின் வெதுவெதுப்பில் வளர்த்திருந்தாள். அங்கே வேர் வேகமாக ஓடும். நுனிக்கும் மயிருக்கும் நல்ல இடைவெளி இருக்கும். குளிரில் வேர் மெதுவாக வளரும், மயிர் நுனிக்குப் பக்கத்திலேயே முளைத்துவிடும். பழைய அளவில் வெட்டினால் முற்றிய செல் எல்லாத் துண்டிலும் கலந்துவிடும். ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு, நுண்ணோக்கியில் மயிர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வெட்டினால் போதும். ஒரு வாக்கியம்.

லோகப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"சூடு பத்தலையோன்னு நெனச்சேன்" என்று மெதுவாக ஆரம்பித்த பொற்கொடி நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "இல்லீங்க, சூடு ஜாஸ்திங்க. அதான் புரதம் சிதையுது. பெட்டியை இன்னும் நல்லாக் குளிர வெய்ங்க. அளவை மட்டும் மாத்திறாதீங்க."

லோகப்பிரியா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு, வேற யாரா இருந்தாலும் மூஞ்சிலயே முழிக்க மாட்டாங்க."

"பாத்துப் போங்க" என்றாள் பொற்கொடி. அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள். மாம்பழங்களைப் பெண்களுக்குப் பகிர்ந்து கொடுத்தாள். அவள் அப்படிக் கொடுத்து அவர்கள் பார்த்ததில்லை.

பிள்ளை பிறந்த கையோடு, பச்சை உடம்போடு, லோகப்பிரியா ஈரோட்டிலிருந்து தினமும் கல்லூரிக்கு வந்து போனாள். பெட்டியைக் குளிர வைத்தாள். கோடு எல்லாப் பகுதியிலும் பளிச்சென்று வந்தது. இன்னும் குளிர வைத்தாள். பால் கட்டிக் காய்ச்சல் கண்டும் வந்தாள். கால நீட்டிப்பு முடிந்ததும் பாலுசாமி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "கொழந்தையப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க அம்மணி. ஆராய்ச்சி எல்லாருக்கும் வராதுங்க." மாமியார் ராசாத்தாள் அதைக் கேட்டுவிட்டு, இனிமேல் எந்த விசேஷத்துக்கும் மருமகளைக் கூட்டிப்போவதில்லை என்று முடிவு செய்தாள். லோகப்பிரியா இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள்.

பாலுசாமிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. லோகப்பிரியாவின் ஜெல்களை எல்லாம் சேர்த்துவைத்து, சோள வேரில் தெரியும் சின்னக் கோடு வெறும் சிதைவுதான், ஆராய்ச்சியாளர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று ஒரு கட்டுரை எழுதினார். அது நல்ல பத்திரிகையில் வந்தது. அடுத்த ஆண்டு துறைத் தலைவர் ஆனார்.

இதையெல்லாம் பொற்கொடிக்குப் போனில் சொன்னவன் சுரேந்தர். அவன் இப்போது வேறொரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பாலுசாமிமேல் அவனுக்கு ஏதோ கசப்பு. சோப்பு வைத்ததை மறந்துவிட்டவன்போலப் பேசினான்.

"ஒண்ணு கேக்கணுங்க. அந்தக் கட்டுரையைப் படிச்சதுல இருந்து உறுத்திக்கிட்டே இருக்குது. நீங்க கொதிக்கற கரைசல்ல போட்டுச் செஞ்சதை நானே பாத்தேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, என்னோட லேப்ல புதுசா ஆரம்பிச்சுப் பாக்கறேன். உங்க பேரையும் போடலாம். நெசமாலுமே அந்தக் கோடு இருந்துச்சுங்களா?"

பொற்கொடி வேர் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தாள். ஆமாம் என்றால், எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால், லோகப்பிரியாவுக்கு அது ஏன் வரவில்லை என்பதைச் சுரேந்தர் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவான். குளிர வைக்கச் சொன்னது யார் என்று கேட்பான். அது அவளுடைய கோடு. அவளுடைய வாழ்க்கையில் அவள் மட்டுமே பார்த்து, அவள் மட்டுமே நம்பிய ஒன்று அதுதான்.

"இருக்கீங்களா?" என்றான் சுரேந்தர்.

"இருக்கேனுங்க. கோடெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அது அழுகினதுதான்."

போனை வைத்துவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு அறைக்குள் போனாள். அடுக்குகளின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.